இருக்கலாம் மேடம்

சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால்கூட "இருக்கலாம்" என்று பதில் சொல்லும் ஆளை நான் அவருக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாயில் போட்டு, மென்று, விழுங்கி, தண்ணீரும் குடித்த பிறகு சொல்வார், இருக்கலாம் என்று. முதல் நாள் என் மனைவிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சமையலறைக்குள் வந்து, "இன்னாங்க இது, அந்தம்மாவுக்கு நாக்கு கீதா இல்லியா?" என்று கிசுகிசுத்தாள். நானும் "இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த கரண்டிக்குத் தப்பி வெளியே ஓடிவந்தேன்.

நாகலாபுரத்துக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவே, ஆந்திரத்தில் இருந்துகொண்டு தமிழ் பேசும் ஊர் எங்களுடையது. நான் டென்ட்ஹவுஸ் வைத்திருக்கிறேன். பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர், மைக்செட் எல்லாம் வாடகைக்கு விடுவேன். எங்கள் மாடி போர்ஷன் காலியாகக் கிடந்த சமயத்தில்தான், பூமிக்கு அடியில் எண்ணெயும் கேஸும் இருக்கிறதா என்று பார்க்கும் சர்வே பார்ட்டி ஒன்று எங்கள் பக்கம் வந்து இறங்கியது. ஆட்களெல்லாம் ரோட்டோரம் கூடாரம் போட்டுக்கொண்டார்கள். பார்ட்டிக்குத் தலைமை ஒரு அம்மா, ரிடையர் ஆகப்போகிற வயசு. அவர் மாடிக்குக் குடிவந்தார், சாப்பாடும் எங்கள் வீட்டிலேயே என்று ஏற்பாடு. பருத்திப் புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, காலில் கான்வாஸ் ஷூ, தலையில் தொப்பி. அவர் பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வந்த ஒரே வாரத்தில் "இருக்கலாம் மேடம்" ஆகிவிட்டார்.

அவர் வேலை எனக்குப் புரிந்ததே ஒரு தேங்காயால்தான். கடையில் தேங்காயைக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நானும் இதத்தான் தம்பி செய்றேன். என் தேங்கா கொஞ்சம் பெருசு" என்றார் பின்னாலிருந்து. ஆழமாகத் துளை போட்டு, அடியில் சின்ன வெடி வைப்பார்கள். சத்தம் கீழே இறங்கும். ஒவ்வொரு மண் அடுக்கிலும் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி மேலே வரும். வருவதைக் கேட்க, ஆணிக்கால் வைத்த ஜியோபோன் என்ற சின்னச் சின்னக் கருவிகளை ஒயரில் கோத்து வயல் நெடுக நட்டு வைத்திருப்பார்கள். மேடம் ஒவ்வொன்றையும் ஷூ குதிகாலால் அழுத்தி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். வேலையாட்கள் நட்டது போதாதென்று மறுபடி அழுத்துவார். அந்த விஷயத்தில் அவர் மாமியார்க்காரி மாதிரிதான்.

"அப்போ எண்ணெ கீழ கீதுன்னு அந்த மிஷின்ல தெரிஞ்சிடுமா?" என்று என் மனைவி கேட்டாள். கோபம் தணிந்து, "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்த நேரம் அது.

"எண்ணெ சேரணும்னா அடுப்பு வேணும், பானை வேணும், மூடி வேணும்மா. கீழ சூடு, நடுவுல எண்ணெய வாங்கி வச்சிக்கிற மண்ணு, மேல அத வெளிய விடாத மண்ணு. இந்த மிஷின்ல பானையும் மூடியும் தெரியும். பானைக்குள்ள கஞ்சி இருக்கான்னு தெரியாது. பெரிய போர் போட்டுப் பாத்தாதான் தெரியும்."

"பானை இல்லன்னா?"

"பானையே இல்லன்னா கஞ்சி ஏது? இல்லன்னு சொல்லிடலாம். என் வேலைல 'இல்ல'ன்னு சொல்ல வழி இருக்கு. 'இருக்கு'ன்னு சொல்லத்தான் வழியே கிடையாது."

அவர் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு சர்ச்சைத் தேடிப் போய்விடுவார். ஒருமுறை அவர்கள் பார்ட்டிக்கு நாற்காலி இறக்கப் போன வழியில் நானும் சர்ச் வாசலில் நின்றேன். உள்ளே எல்லோரும் சேர்ந்து "விசுவாசிக்கிறேன்" என்று சொல்கிறார்கள். இவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது. வெளியே வந்ததும் மடக்கினேன்.

"இன்னா மேடம், சாம்பார்ல உப்பு இருக்கலாம், இங்க மட்டும் சந்தேகமே இல்லியா?"

"இங்க யாரும் என்கிட்ட டேட்டா கேக்கலியே தம்பி" என்று சிரித்தார். வாய்விட்டுச் சிரிக்கக்கூடியவர். பெரிய படிப்பு படித்தவர்களிடம் அப்படி ஒரு சிரிப்பை நான் அதிகம் கண்டதில்லை.

ஊரில் அவரை அதிகம் படுத்தியவர் முனிரத்தினம் அண்ணன். சர்வே லைன், அதாவது அந்தக் கருவிகளை நட்டுக்கொண்டு போகும் கோடு, நேராக அவர் நிலத்தின் நடுவே போகிறது. அந்த நிலத்தில் மாந்தோப்பு போடுவதற்கென்று அவர் பங்கனப்பள்ளிக் கன்றுகள் வாங்கி வந்திருந்தார். வாங்கி வந்த வாரம் பார்த்து லைன் வந்துவிட்டது. எண்ணெய்க் கிணறு வருமென்றால் தோப்பு எதற்கு, வராதென்றால் கன்றுகள் ஏன் காயவேண்டும்? இதே கேள்வியோடு தினமும் காலையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். கன்றுகள் அவர் வீட்டுச் சுவரோரம் பாலிதீன் பையிலேயே வளர்ந்துகொண்டிருந்தன.

"கன்ன வெக்கலாமா, வாணாவா? ஒரே வார்த்த சொல்லும்மா."

"வைக்கலாம்ணா."

"அப்போ எண்ணெ இல்லியா?"

"இருக்கலாம்ணா."

"எம்மா, வெக்கவும் வெக்கலாம், இருக்கவும் இருக்கலாம்னா நான் எங்கம்மா போவேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு இறங்குவார். மறுநாள் காலையில் மறுபடி வந்து உட்கார்ந்திருப்பார்.

எங்கள் ஊர்த் தலைவர் சர்பஞ்ச் தெலுங்கிலும் முயன்று பார்த்தார். பஞ்சாயத்து ஆபீசுக்கே மேடத்தை அழைத்து, காபி கொடுத்து, "உந்தா, லேதா? இருக்குதா, இல்லியா? அது மட்டும் செப்புங்க மேடம்" என்று கேட்டார். மேடம் காபியைக் குடித்துவிட்டு, "உண்டொச்சு" என்றார். தெலுங்கிலும் இருக்கலாம்தான்.

இதிலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த மாதிரி முடிவுக்கு எங்கள் ஊர்க்காரர்களால்தான் வரமுடியும். டீக்கடையில் சர்பஞ்சே அதை விளக்கினார்.

"வயித்துல ஸ்கேன் எடுக்குற டாக்டருக்கு ஆம்பளப் புள்ளயா பொம்பளப் புள்ளயான்னு தெரியும். ஆனா சொன்னா ஜெயிலு. இதுவும் பூமிக்கு எடுக்குற ஸ்கேன்தான. அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும் நைனா. கவர்மெண்ட்டு வாயக் கட்டி வெச்சிக்கீது."

அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எங்கேயோ ஒரு ஸ்கேன் சென்டரில் வாயால் சொல்லாமல், லட்டு கொடுத்தால் பையன், ஜிலேபி கொடுத்தால் பெண் என்று ஜாடை காட்டுவார்களாம். அந்தக் கண்ணராவிக் கதையை யாரோ எடுத்துவிட்டார்கள். "மேடமும் ஒரு நாளைக்கி ஜாட காட்டுவாங்க, பாத்துக்கினே இருங்க" என்றார் சர்பஞ்ச். அன்றிலிருந்து அந்த அம்மா எதைச் செய்தாலும் ஊரே உற்றுப் பார்க்க ஆரம்பித்தது. பச்சைப் புடவை கட்டினால் ஒரு அர்த்தம், நீலப் புடவை கட்டினால் ஒரு அர்த்தம். அவருக்கோ இது எதுவும் தெரியாது.

அவருக்கு வேறு கவலை இருந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என் மனைவியிடமும் என்னிடமும் அதைச் சொன்னார். எங்களுக்குக் கிழக்கே, கடல் பக்கம், மண் அடுக்குகள் நல்ல கனமாக இருக்கின்றனவாம். அவை எங்கள் ஊரை நோக்கிச் சரிவதுபோல் பழைய லைன்களில் தெரிகிறதாம். அப்படியானால் எங்கள் ஊருக்கும் முனிரத்தினம் அண்ணன் நிலத்துக்கும் கீழே ஒரு பெரிய பள்ளம், அவர் பாஷையில் பானை, இருக்கவேண்டும் என்று பல வருஷங்களாக ஆபீசில் எழுதி எழுதிக் கேட்டு, கடைசியில் இந்த ஒரு சீசனுக்கு அனுமதி வாங்கியிருக்கிறார். ஊரைத் தாண்டுகிற துண்டு மட்டும் பாக்கி. அதற்குள் மழை வந்து வயலில் தண்ணீர் நின்றால் கருவி நடமுடியாது. பார்ட்டி நெல்லூர் பக்கம் போய்விடும். அவரும் ரிடையர் ஆகிவிடுவார்.

"அப்புறம் இந்த ஃபைல யாரும் தொறக்க மாட்டாங்க" என்றார். அதில் மட்டும் "லாம்" இல்லை.

அந்தத் துண்டுக்கு நாளும் குறித்தாயிற்று. அன்றைக்குக் காலை, ஸ்ரீ சிட்டி ஃபேக்டரிகளுக்குப் போகும் ஷிப்ட் பஸ்கள் தாண்டியதும் ஆரம்பித்து, சாயங்காலம் அவை திரும்புவதற்குள் முடிக்கவேண்டும். அதுவரை ஊரில் மோட்டார், தறி, டிராக்டர் எதுவும் ஓடக்கூடாது. மேலே ஆடு நடந்தால்கூடக் கருவிக்குக் கேட்கும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் லட்டு வந்தது.

பார்ட்டியின் டிரைவர், பதிவு செய்த டிஸ்குகளை அனுப்பத் திருப்பதிக்குப் போனவர், போன கையோடு மலையேறிச் சாமியும் பார்த்துவிட்டுப் பை நிறைய லட்டு கொண்டுவந்தார். மேடத்திடம் கொடுத்துவிட்டு வண்டி கழுவப் போய்விட்டார். மேடத்துக்குச் சர்க்கரை வியாதி. பிரசாதத்தை வீணாக்கக்கூடாதே என்று, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கெல்லாம் தன் கையாலேயே ஆளுக்கொரு லட்டு கொடுத்தார், சிரித்த முகத்தோடு.

குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் கவனிக்கவில்லை. மேடம் படியேறி மறைந்ததும் தெருவே ஓவென்று கத்தியது. "லட்டு குடுத்துட்டாங்க! அப்போ எண்ணெ கீது!" முனிரத்தினம் அண்ணன் கையில் லட்டோடு என் கடைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சர்பஞ்ச் அங்கேயே ஆர்டர் கொடுத்தார். எல்லம்மாவுக்குப் பொங்கல், பம்பை, பட்டாசு, பெரிய பந்தல், நாலு திசைக்கும் குழாய் ஸ்பீக்கர். என்றைக்கு? நல்ல நாள் பார்த்தால் சரியாக மேடம் வெடி வைக்கக் குறித்த அதே நாள்.

"தலைவரே, அன்னிக்கி மேடம் சத்தம் போடக்கூடாதுன்னாங்களே" என்றேன்.

"அட, இருக்குதுன்னு தெரிஞ்சப்புறம் இன்னாத்துக்குப்பா மறுபடி ஸ்கேனு?" என்றார் அவர். நியாயமாகத்தான் பட்டது. லட்டை நானும் தின்றிருந்தேனே.

அன்று காலை மேடம் விடியலிலேயே வயலுக்குப் போய்விட்டார். வெயில் ஏறுவதற்குள் கருவிகள் எல்லாம் நட்டாயிற்று. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துப் பம்பை முழங்க, என் ஸ்பீக்கர் நாலும் அலற, பத்தாயிரம் வாலாவுக்கு ஒருவர் பத்தியைக் கையில் எடுக்க, மேடம் வரப்பு வழியாக ஓடிவந்தார். அந்த வயசில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. பந்தலுக்குள் நுழைந்தவரைப் பார்த்ததும் கூட்டம் கைதட்டியது. சர்பஞ்ச் மாலையை எடுத்தார்.

"எதுக்கு இதெல்லாம்?" என்று மூச்சுவாங்கக் கேட்டார். லட்டுக் கதையைச் சொன்னோம். உடனே, பம்பைக்குப் பாடிக்கொண்டிருந்தவர் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

பம்பை நின்றது.

"சத்தியமா தெரியாது. லட்டு டிரைவர் கொண்டுவந்தது. எனக்கு சுகர், அதனால குடுத்தேன். கவர்மெண்ட்டு என் வாய ஒண்ணும் கட்டல. உங்க ஊருக்குக் கீழ பானை இருக்கான்னே எனக்கு இன்னும் தெரியாது. அதப் பாக்கத்தான் இன்னிக்கி ஒரு பகல் கேட்டேன். மழ வந்துக்கிட்டிருக்கு. இன்னிக்கி விட்டா நான் போயிடுவேன், அப்புறம் யாரும் வரமாட்டாங்க."

மேற்கே மேகத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"உங்க எல்லாரையும்விட எனக்கு ஆச அதிகம். இருக்கணும்னு ஆச. அதனாலதான் வாயத் தொறந்து இருக்குன்னு சொல்ல மாட்டேங்கறேன். ஆசப்படுறவங்க வாய நம்பக்கூடாது. கொஞ்ச நேரம் சும்மா இருங்க. பூமி சொல்றத கேப்போம்."

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார். சர்பஞ்ச் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "ஜெனரேட்டர நிறுத்துப்பா" என்றார்.

பெரிய பந்தலும் நாலு ஸ்பீக்கரும் வாடகைக்கு விட்டுவிட்டு, தன் கையாலேயே அத்தனையையும் அணைத்து வைத்த டென்ட்ஹவுஸ்காரன் நான் ஒருத்தன்தான் இருப்பேன். ஆனால் அன்றைய அமைதியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. பொங்கல் பானைகள் சத்தமில்லாமல் பொங்கின. பொங்கியபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலவையை உள்ளேயே விழுங்கினார்கள். பம்பைக்காரர்கள் பம்பையை மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தறி ஓடவில்லை. ஆடுகளின் கழுத்து மணிக்குள் வைக்கோல் அடைத்திருந்தது. முனிரத்தினம் அண்ணனுக்குப் பழைய இருமல் உண்டு. அடக்கி அடக்கிப் பார்த்து, கண்ணில் நீர் முட்ட, ஏரிக்கரைக்கு அப்பால்வரை மெதுவாக நடந்துபோய் இருமிவிட்டு வந்தார்.

பிறகு தூரத்தில் ஒரு "தும்". காதுக்குக் கேட்டதைவிட உள்ளங்காலுக்குத்தான் அதிகம் தெரிந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. சாயங்காலம்வரை அப்படியே. கடைசி வெடி முடிந்து கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வந்த மேடத்திடம், "நல்லா வந்துச்சா மேடம்?" என்று கேட்டேன்.

"வந்திருக்கலாம்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

அந்த வாரமே பார்ட்டி கிளம்பிவிட்டது. மாடி மறுபடி காலியானது. என் மனைவி பழக்கதோஷத்தில் கொஞ்ச நாள் சாம்பாரைக் கூடுதலாகவே வைத்தாள்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள், புத்தூர் பஸ்ஸிலிருந்து ஒரு சுருட்டிய காகிதத்தோடு அவர் தனியாக இறங்கினார். ஜீப் இல்லை, டிரைவர் இல்லை. விஷயம் தெரிந்து சர்பஞ்சும் முனிரத்தினம் அண்ணனும் வந்துவிட்டார்கள். எங்கள் கூடத்தில் காகிதத்தை விரித்தார். கறுப்பும் வெள்ளையுமாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரி வரியான படம். விரலால் காட்டிக்கொண்டே போனார்.

"இதெல்லாம் கடல் பக்கத்துலேர்ந்து வர்ற மண்ணு. நல்ல கனம். இங்க வரைக்கும் சரியுது பாருங்க. இது உங்க ஏரி. இங்கியே சரிவு நின்னுபோச்சு. அந்தாண்ட கெட்டிப் பாறை மேல ஏறி வந்துடுது. நான் பானைன்னு நெனச்ச இடம் பூரா பாறை." விரல் அங்கேயே நின்றது. "பானை இல்ல. அதனால, இல்ல."

அந்த வார்த்தையை ஒரு பதிலாக அவர் வாயிலிருந்து நாங்கள் முதல்முறையாகக் கேட்டோம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தாங்கவில்லை.

"உண்டொச்சு கூட லேதா மேடம்?" என்றார் சர்பஞ்ச்.

"லேது."

"இத சொல்றதுக்கா அக்கா பஸ்ஸு புடிச்சி வந்தீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"ரிப்போர்ட் ஆபீசுக்குப் போயிடுச்சும்மா. ஆனா ஒரு ஊரே எனக்காக ஒரு பகல் பூரா வாய மூடிக்கினு இருந்துச்சே. அவங்களுக்கு யார் வந்து சொல்றது?"

முனிரத்தினம் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சர்தான். ஒத்த வார்த்த கேட்டேன், சொல்லிட்டாங்க. கன்ன வெச்சிட வேண்டியதுதான்" என்று எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "எம்மா, அந்தப் படத்துல தண்ணி எதுனா தெரியுதா?" என்றார். முதலில் சிரித்தது மேடம்தான். பிறகு எங்களால் நிறுத்தமுடியவில்லை.

சாப்பிட உட்காரவைத்து, என் மனைவி வேண்டுமென்றே கேட்டாள். "அக்கா, உப்பு கீதா?"

மேடம் சாம்பாரை நாக்கில் வைத்து, கண்ணை மூடி யோசித்தார். "இருக்கலாம்."

"அப்பாடா" என்றாள் என் மனைவி.

சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால், முதல் கன்றை நீங்கள்தான் வைக்கவேண்டும் என்று முனிரத்தினம் அண்ணன் அவரைப் பிடிவாதமாக நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பையில் கிடந்து கிடந்து கன்று நெடுநெடுவென்று வளர்ந்து சோனியாக நின்றது. இவ்வளவு நாள் கழித்து வைப்பதில் எனக்கே நம்பிக்கையில்லை. மேடம் குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி, பழைய பழக்கம், ஷூ குதிகாலால் சுற்றிலும் அழுத்தி, மெதுவாக ஆட்டிப் பார்த்தார்.

"பொழைக்குமாம்மா?" என்றார் முனிரத்தினம் அண்ணன்.

"பொழைக்கும்" என்றார்.

நான் விடுவேனா? "இன்னா மேடம், டேட்டா இல்லாமயே சொல்றீங்க?"

அவர் கன்றின்மேல் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "குடத்த இப்டி குடு தம்பி" என்று வாங்கித் தண்ணீர் ஊற்றினார்.

அந்த மரம் இப்போது என் தலைக்கு மேலே நிற்கிறது. இந்த வருஷம்தான் முதல் பூ. நேற்று அந்தப் பக்கம் போனபோது, முனிரத்தினம் அண்ணன் கீழே நின்று பூவையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, காய்க்குமா?" என்றார்.

"காய்க்கலாம்ணா" என்றேன்.

துரத்திக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தார்.